நீலக் குழந்தைகளுக்காக ஒரு மாற்றுப்பாதை

பிறவியிலேயே இதயம் பழுதுபட்ட சில குழந்தைகளுக்கு உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருக்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். ‘நீலக் குழந்தைகள்’ என்றே அவர்களுக்குப் பெயர். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகி, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டையும் இருப்பதால், பிராணவாயு போதுமான அளவு ஏறாத ரத்தம் உடம்பெங்கும் ஓடும். 1940-களின் தொடக்கத்தில்கூட இதற்கு வைத்தியம் கிடையாது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் இதயப் பிரிவை 1930 முதல் நடத்திவந்தவர் ஹெலன் டாசிக். செவி மந்தமாகிப்போனதால், குழந்தையின் மார்பில் விரல் வைத்தே இதயத்தின் ஓட்டத்தைப் படித்தவர். கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறுகுழாய், பிறந்தபின்னும் மூடாதிருந்த நீலக் குழந்தைகள் கொஞ்சம் தேறி இருப்பதையும், அது மூடியதும் துவண்டுபோவதையும் அவர் கண்டார். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 1938-ல் அதே குழாயை வேறொரு சிறுமிக்குக் கட்டி மூடியிருந்தார். மூடத் தெரிந்தவர் புதிதாக ஒன்றை உண்டாக்கித் தரலாமே என்று டாசிக் போய்க் கேட்டார். கிராஸ் அக்கறை காட்டவில்லை.

1941-ல் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை மருத்துவர் ஆல்ஃப்ரட் பிளேலாக் சம்மதித்தார். உழைப்பின் பெரும்பாரம் விழுந்ததோ அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ் தலையில். கறுப்பினத்தவர், தச்சு வேலை போய் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணமும் வங்கி திவாலானதில் போயிற்று. நாய்களுக்கு மீண்டும் மீண்டும் அறுவை செய்து தையலைச் சீராக்கியவர் அவரே.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதச் சிறுமி. கைக்குப் போகும் தமனியை வெட்டித் திருப்பி, நுரையீரல் தமனியோடு தைத்தார் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னால் சிறு முக்காலியில் நின்று வழிசொன்னார் தாமஸ். இதை நாய்களிடம் பிளேலாக்கைவிடப் பலமடங்கு செய்தவர் அவர்தானே! இதயத்துக்குள் இருந்த குறை அப்படியே இருந்தது. ரத்தத்துக்கு ஒரு மாற்றுப்பாதை கிடைத்தது, அவ்வளவே. அந்தச் சிறுமி சில மாதங்களில் இறந்துபோனாள். ஆனால் மூன்றாவதாக வந்த சிறுவனின் உதடு, அறுவை மேசையிலேயே நீலம் நீங்கிச் சிவந்தது. உலகெங்குமிருந்து பெற்றோர் குழந்தைகளோடு பால்டிமோருக்கு வரலாயினர்.

1945-ல் வெளியான கட்டுரையில் பிளேலாக், டாசிக் பெயர்கள் மட்டுமே இருந்தன. இன்று பலர் மூவர் பெயரையும் சேர்த்தே அந்த அறுவையைக் குறிப்பிடுகிறார்கள். தாமஸுக்கு ஹாப்கின்ஸ் 1976-ல் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்.