நாற்பது முறை இழுத்தும் கிளம்பாத ரம்பம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்து பார்த்தால், எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம் படுத்திருந்தது. நான் பெருமையாகப் பரணிலிருந்து செயின்சாவை இறக்கினேன். கயிற்றை நாற்பது முறையாவது இழுத்திருப்பேன். அது உறுமக்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தார். "தள்ளுங்க தம்பி" என்றார்.

தப்பு மிஷின் மேல் இல்லை. முந்தைய வருஷத்துப் பெட்ரோலை டேங்க்கிலேயே விட்டு வைத்தவன் நான். நம் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவென்று எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன. ஆனால் மலிவான பெட்ரோலும் கெட்டுப்போகும். இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? நாளடைவில் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் விறைத்துப்போகும். ஒரு மாதத்துக்கு மேல் மிஷினைத் தொடப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வைப்பதுதான் வழி.

கலவையிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான சிறிய ரம்பங்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். சில மலிவு மிஷின்கள் 40 மில்லி கேட்கும். மூடியிலோ கையேட்டிலோ போட்டிருப்பதை நம்புங்கள், கடைக்காரர் சொல்வதை அல்ல. செயினுக்கான ஆயில் வேறு, அதன் டேங்க்கும் வேறு. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை அதில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலிருக்கும் இரும்புத்தூள் பம்ப்பையும் செயின் ஓடும் பட்டையையும் அரித்துவிடும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, ஓடும் ரம்பத்தின் நுனியை ஒரு அட்டைக்கு நேராக, தொடாமல் பிடியுங்கள். அட்டையில் ஒரு கோடு தெறித்து விழ வேண்டும்.

கூர் போய்விட்டதா என்பதைக் கீழே விழும் தூளே சொல்லிவிடும். அவல் மாதிரி விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் மொக்கை. மொக்கையான செயினை நாம் அழுத்துவோம், அழுத்தும்போதுதான் கை வழுக்கும். சிறிய ரம்பங்களில் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே, எல்லாப் பல்லையும் ஒரே எண்ணிக்கையில் தள்ளித் தேய்க்க வேண்டும். புயலில் விழுந்த மரத்தில் மணல் ஒட்டியிருக்கும். ஒரு நொடி தரையைத் தொட்டாலும் அரைமணி நேர வேலை வீண். தென்னை இன்னும் மோசம், நார் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், தெரு மரங்களில் விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணி. மரத்துக்கும் கேடு, செயினுக்கும் கேடு. அடித்தவரை யாரும் கேட்பதில்லை.

லுங்கியும் ரப்பர் செருப்புமாக ரம்பம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். முன்கைப்பிடிக்கு முன்னாலிருக்கும் காப்பு அதற்கான பிரேக். வேலைக்கு முன் அது பிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏணியில் ஏறி ஒற்றைக்கையில் அறுப்பது வேண்டவே வேண்டாம்.

உயரத்துக்குத்தான் நம்மிடம் தொரட்டி இருக்கிறதே. ஆடு மேய்ப்பவர் தோளில் போகும் அதே கழிதான் இப்போது அலுமினியக் குழாயும் கத்தரியும் கயிறுமாகக் கடைக்கு வந்திருக்கிறது. கட்டைவிரல் பருமன் கிளைக்குக் கத்தரி. அதற்கு மேல் வளைந்த ரம்பம். முருங்கையை ஒடித்து வளர்க்கத் தெரிந்த நாம் வேம்பையும் தூங்குமூஞ்சியையும் மட்டும் ஏனோ புயல் வந்து ஒடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயலில், 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்கூடப் பழைய மரங்கள் சாய்ந்தன. ஆடி, ஆவணியில் காய்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் ஐப்பசியில் ரம்பத்துக்கு அத்தனை வேலை இருக்காது.

கழிப்பதிலும் முறை உண்டு. நீளக் கிளையை நுனியிலிருந்து துண்டுதுண்டாக எடுங்கள். முதலில் அடியில் ஒரு சிறு வெட்டு; பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. கழியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் விழுவது உங்கள் மேல் விழாது.

கம்பி கிட்டே இருந்தால் தொடவே கூடாது. அலுமினியக் கழி மின்சாரத்துக்கு வழி. மேலே போகும் 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். மின்துறைக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. கரண்ட் போயிருக்கிறதே என்று புயலுக்கு மறுநாள் கழியைத் தூக்குவதும் ஆபத்து. தப்பாக இணைத்த ஒரு வீட்டு ஜெனரேட்டர் போதும், செத்த கம்பிக்கு உயிர் வர.

எதிர்வீட்டுப் பெரியவரின் தொரட்டி மூங்கில். நுனியில் ஒரு பழைய கருக்கரிவாள். மூங்கில்தானே, பயமில்லையே என்றேன். "காய்ஞ்சிருக்கிற வரைக்கும்தான் தம்பி அது மூங்கிலு" என்று சொல்லிவிட்டு, தூறல் விழுந்ததும் அதைத் திண்ணையில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.