எல்லை கடந்த குற்றமும் எல்லை கடவாத நீதியும்

வேதியியல் படிக்கும் இரண்டாமாண்டு மாணவனுக்கு உலகச் சட்டத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. நம் மாவட்டத்துச் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கடலுக்கு அப்பால் நடந்த கொடுமைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் நம்மோடு ஒரே பேருந்தில் பயணம் செய்கிறார்கள். அவர்கள் கண்டதை எந்த நீதிமன்றம் கேட்கும்? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் ஓர் உதாரணம். கல்வராயன் மலை ஒரே மலைதான். ஆனால் அதன் ஒரு பகுதி நம் மாவட்டத்திலும், மறு பகுதி சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது. கரியாலூர்ப் பக்கம் குற்றம் செய்தவன் சேலம் பக்கம் இறங்கிவிட்டால் சட்டம் அவனை விட்டுவிடுமா? விடாது. இரண்டு மாவட்டத்துக்கும் சட்டம் ஒன்று, அரசு ஒன்று. நாடுகளுக்கு மேலே அப்படி ஓர் அரசு இல்லை. ஆகவே நாடுகள் தாமாக முன்வந்து உதவ வேண்டியிருக்கிறது. அவ்வுதவி மூன்று வகைப்படும்: குற்றவாளியை ஒப்படைப்பது, சாட்சியத்தைத் திரட்டி அனுப்புவது, ஒப்படைக்காவிட்டால் தானே விசாரிப்பது.

இதற்கான அடித்தளம் 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை. ஓர் இனத்தையோ மதத்தவரையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் கொலை முதலிய செயல்களை அது இனப்படுகொலை என்கிறது. ‘இது அரசியல் குற்றம்’ என்று சொல்லி ஆளை ஒப்படைக்க மறுக்கலாகாது என்றும் விதிக்கிறது. இந்தியா 1959இல் இதை உறுதி செய்தது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் போரில் சரணடைந்தோர், காயமுற்றோர், பொதுமக்கள் ஆகியோரைக் காக்கின்றன. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2002 முதல் ஹேக் நகரில் இயங்குகிறது. ஆனால் இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர் அல்ல.

அப்படியானால் வழியே இல்லையா? ஜெர்மனியைப் பாருங்கள். 2022 ஜனவரி 13 அன்று கோப்லென்ஸ் நகர நீதிமன்றம், சிரிய உளவுத்துறையில் அதிகாரியாக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் நடந்த இடம் டமாஸ்கஸ். குற்றவாளி ஜெர்மானியர் அல்லர். சாட்சி சொன்னவர்களில் பலர் அகதிகளாக வந்த சிரிய மக்கள்! தம் உடலில் பட்ட அடியையே சாட்சியமாக அவர்கள் கொண்டுவந்தார்கள்.

இனி இலங்கைக்கு வருவோம். 2009இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. நடந்தது இனப்படுகொலையே என்று 2015இல் வடமாகாண சபை தீர்மானித்தது. இலங்கை அரசு அதை மறுக்கிறது. எப்பெயர் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க நீதிமன்றமும் சாட்சியமும் வேண்டும். உள்நாட்டு நீதி போதாதா என்பார்க்கு ஒரு செய்தி: 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற படைவீரருக்கு 2020இல் அந்நாட்டு ஜனாதிபதி பொதுமன்னிப்பு அளித்தார்.

2021 மார்ச் மாதம் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, சாட்சியங்களைச் சேகரித்து, ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. பிற நாட்டு நீதிமன்றங்கள் வழக்கு நடத்தினால் அவற்றுக்கு உதவுவதும் அதன் கடமை. அந்த வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது.

இங்கேதான் அறிவியல் மாணவர்க்கும் இடம் உண்டு. செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என்று 1998இல் ஒரு படைவீரர் நீதிமன்றத்திலேயே கூறினார். 1999இல் 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் அப்பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது, குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எலும்பில் எஞ்சியிருக்கும் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டால் இறந்தவர் யாரென்று அறிய வழி உண்டு. அந்த உறவினர் கனடாவிலும் இருக்கலாம், தமிழ்நாட்டு முகாமிலும் இருக்கலாம். நாடுகள் ஒத்துழையாவிடில் எலும்புக்குப் பெயர் கிடைக்காது.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. 1984ஆம் ஆண்டு சீக்கியர் படுகொலை வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த டெல்லி உயர்நீதிமன்றம், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை என்றும், இக்குறையை விரைந்து நீக்க வேண்டும் என்றும் சுட்டிக்காட்டியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவும் அதை நிரப்பவில்லை. சொந்த வீட்டில் இல்லாத சட்டத்தைக் கொண்டு அடுத்த வீட்டுக்கு எப்படி உதவுவது?

கைநாட்டு வைத்த குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தலைமுறை தலைமுறையாக உழுத நிலமானாலும் பட்டா இல்லையேல் அலுவலகத்தில் பேச்சு எடுபடாது என்பதைப் பார்த்து வளர்ந்தவன். சாட்சியமும் அப்படித்தான். கண்டவர்களுக்கு வயதாகிறது. அவர்கள் விரும்பிச் சொல்வதை நாள், இடம், பெயர் பிசகாமல் எழுதி, அவர்கள் சம்மதத்தோடு பத்திரப்படுத்துவது, எழுதக் கற்ற நம்மால் இயலும் பணி. நீதிமன்றம் என்றோ கூடும்போது சாட்சி இல்லை என்ற சொல் எழாதிருக்கட்டும்.