தாய் முயல் குட்டிகளைக் கண்டுக்கவே இல்லையா? பாட்டிலை எடுக்கும் முன் வயிற்றைப் பாருங்க!

வீட்டு முயல் குட்டி போட்டிருக்கு. ஆனால் தாயோ கூட்டுப் பக்கமே போகாமல் மூலையில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருக்கிறது. ‘ஒதுக்கிடுச்சு போல’ என்று பதறி பலரும் பால் பாட்டிலைத் தேடுவது இந்த இடத்தில்தான்.

கொஞ்சம் பொறுங்க. நாய், பூனை மாதிரி முயல் நாள் முழுக்க குட்டிகளோடு படுத்திருக்காது. 24 மணி நேரத்தில் ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை வந்து, சில நிமிடங்களில் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில். வேட்டை விலங்குகளுக்குக் கூடு தெரியாமலிருக்க, காட்டில் பழகிய தந்திரம் இது.

பால் குடித்ததா என்று குட்டியின் வயிறே சொல்லிவிடும். காலையில் உருண்டையாக உப்பியிருந்தால் கவலையில்லை. ஒட்டிப்போய், தோல் சுருங்கி, உடம்பு சில்லென்று இருந்தால்தான் சிக்கல். கையைக் கழுவிவிட்டுத் தொட்டுப் பார்க்கலாம். மனித வாசனை பட்டால் வளர்ப்பு முயல் குட்டியைச் சேர்க்காது என்பதெல்லாம் கட்டுக்கதை.

தாய் இறந்துவிட்டால்? அதே நாட்களில் ஈன்ற வேறொரு முயலிடம் சேர்ப்பதே முதல் வழி. அதுவும் இல்லாதபோதுதான் கைவளர்ப்பு. பசும்பால் வேண்டாம், எந்தப் பால் பவுடர், எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் புரையேறி, பால் நுரையீரலுக்குள் போய் உயிரே போகலாம். நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். பலர் மறப்பது அடுத்த வேலையை: வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. இல்லாவிட்டால் பச்சைக் குட்டிக்குச் சிறுநீர் சரியாகப் போகாது. கண் திறக்கவே சுமார் 10 நாள் ஆகும். அதுவரையாவது இதை விடக்கூடாது.

இவ்வளவு செய்தும் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை.