இரு பட்டைகள்

எங்கள் அணைக்கட்டுப் பகுதியில் ‘பட்டை’ என்றால், எந்தப் பட்டை என்று கேட்டாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் முன்னாளில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை. ஆம்பூர்ப் பிரியாணியில் மணப்பது இலவங்கப்பட்டை. தோல் ஆலையில் உழைத்த என் தந்தையாருக்கு முன்னதன் தரம் நாவில் பட்டாலே தெரியும். பின்னதிலும் இரு வகை உண்டு என்பதைத் தாவரவியல் படிக்க வந்த பிறகே எங்கள் வீடு அறிந்தது.

உண்மையான இலவங்கப்பட்டை இலங்கைக்கு உரியது. ஈழத்தமிழர் அதனைக் ‘கறுவா’ என்பர். ஒரு காலத்தில் அது எங்கு விளைகிறது என்பதே மேனாட்டார்க்குத் தெரியாது. பெரும் பறவைகள் அக்குச்சிகளால் கூடு கட்டுவதாகக் கிரேக்க அறிஞர் எரொடோட்டசு எழுதிவைத்தார்! 1505இல் போர்த்துகீசியர் இலங்கையை அடைந்தனர். 1656இல் கொழும்பு டச்சுக்காரர் வசமாயிற்று. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். கறுவா வணிகத்தில் அரசின் தனியுரிமை 1833இல்தான் நீங்கிற்று. பட்டை உரித்தவர்களோ சலாகம என்னும் சிங்களச் சாதியினர். கொழும்பின் செல்வர் வாழும் கறுவாத்தோட்டம் அந்நாளைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் நாட்டு வைத்தியத்தில் வயிற்று உப்புசம், குமட்டல், கழிச்சல் ஆகியவற்றுக்கு இப்பட்டை பயன்பட்டு வருகிறது. மணத்துக்குக் காரணம் சின்னமால்டிகைடு. துவர்ப்புக்குக் காரணம் டானின். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்துவதும் டானின் இனமே.

நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கேசியா என்னும் சீன இனம். (ஆவாரைக்கும் பழைய அறிவியற்பெயர் கேசியாதான், உறவு ஒன்றும் இல்லை.) கேசியா தடித்து, கடினமாய், ஒரே சுருளாக இருக்கும். இலங்கைப் பட்டை காகிதம்போல் மெலிந்து, சுருட்டைப்போல் பல அடுக்காக இருக்கும்; விரலால் நொறுக்கலாம். தூளாக்கிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இதில் என்ன வந்தது என்பீர்கள். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று யாரோ சொல்ல, என் தந்தையார் நாள்தோறும் ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடித்து வந்தார். 2003இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வில் கேசியா சர்க்கரையைக் குறைத்தது உண்மையே. ஆனால் பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, சான்று போதாது என்றது. மேலும் கேசியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். ஐரோப்பிய வல்லுநர் விதித்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு 6 மில்லிகிராம். ஒரு கிராம் கேசியாவில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாக ஜெர்மானியர் கணித்துள்ளனர். ஆக, 2 கிராம் தூளிலேயே எல்லை வந்துவிடுகிறது. ஒரு தேக்கரண்டி அதற்கும் மேலாகலாம்.

இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். தந்தையார் தூளை விட்டார். மருத்துவர் தந்த மாத்திரையைத் தொடர்கிறார். பிரியாணியில் போடும் ஓரிரு துண்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சொல்லப்போனால், அதற்குக் கேசியாவின் முரட்டு மணமே பொருத்தம்.