முதலாண்டு மார்க்கும் கோடை ஆராய்ச்சியும்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடையில் பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் இந்தக் கேள்விக்கு வந்துவிடும்: லீவில் பெரிய ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை தருகிறார்களாமே, நம்ம மார்க்குக்குக் கிடைக்குமா? கேட்பவர்களில் பலர் மே மாதம் கன்டெய்னர் யார்டுக்கோ பாரிமுனைக் கடைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இது கைச்செலவுக் காசு அல்ல, வீட்டுக்குக் கொடுக்கும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடு. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எல்லாத் திட்டத்திலும் ஒரே மார்க்கைப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். 60,000 மாணவருக்கு, மீதி 20,000 கோடையில் ஒரு வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்வதற்கு. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. பிளஸ் டூவில் தங்கள் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஜேஇஇ, நீட் ரேங்க் வழியும் உண்டு. கல்லூரியில் எவ்வளவு வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் விடுபட்டவர்கள் இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆராய்ச்சி நல்கை தருகிறது. இரண்டு மாதம், உதவித்தொகை, ரயில் கட்டணம். பத்தாம் வகுப்பு முதலான மார்க், நீங்கள் எழுதும் ஒரு சிறு குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், இவ்வளவும் கேட்பார்கள்.

இங்கேதான் தேதியைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக டிசம்பருக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் அடுத்த கோடைக்குப் போடுகிறாள் என்றால், மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் அதற்குள் வராது. கையில் இருப்பது முதலாண்டின் இரண்டு செமஸ்டர் மார்க்‌ஷீட் மட்டும். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கெமிஸ்ட்ரியை முதன்முதலாக ஆங்கிலத்தில் படித்துத் திணறிய அதே ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழக முறையில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75, நாற்பது வந்தால் பாஸ். ‘ஃபர்ஸ்ட் இயர்தானே, பாஸானால் போதும்’ என்று வீட்டிலும் சொல்வார்கள், சீனியர்களும் சொல்வார்கள். அலைடு மேத்ஸில் ஒரு அரியர் விழும். மூன்றாம் செமஸ்டரில் அவள் எழுந்து நின்றிருப்பாள், ஆனால் தேர்வுக்குழுவின் கண்ணில் அது படாது.

இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஒரு பிள்ளை அதிகம் போராடிக் கற்ற ஆண்டுதான் காகிதத்தில் மிக மோசமாகத் தெரிகிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவளையும், பள்ளியிலேயே ஆங்கிலத்தில் படித்து வந்தவளையும் ஒரே முதலாண்டு மார்க்கை வைத்து நிறுக்கக் கூடாது. முறை மாறும் வரை, வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ சேரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லிவிட வேண்டும்.

மார்க் சுமாராக இருந்தால்? குறிப்புதான் உங்கள் ஆயுதம். ‘எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் எண்ணூரை எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அதில் எந்தச் சேர்மங்கள் இன்னும் சேற்றில் தங்கியிருக்கும்? ஓட்டத்தில் கிடக்கும் மணலிலும் அலையாத்தி வேரடிச் சேற்றிலும் அளவு வேறுபடுமா? கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இறங்குகிற இடத்தில் எத்தனை ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும்? இப்படி ஒரு கேள்வியைத் தெளிவாக வைத்து, அதற்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று இரண்டு வரி சேர்த்தால், படிக்கிற விஞ்ஞானி உங்கள் பெயரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

ஐஐடி மெட்ராஸின் கோடைத் திட்டம் பெரும்பாலும் பி.இ., பி.டெக். மூன்றாமாண்டுக்காரர்களுக்கானது. பல்கலைக்கழக ரேங்கை அழுத்தமாகப் பார்ப்பார்கள். பி.எஸ்சி. பிள்ளைகள் எம்.எஸ்சி. முதலாண்டில் அதை யோசிக்கலாம்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் எந்த ஆசிரியரும் ‘நல்ல மாணவி’ என்று நாலு வரியோடு முடித்துவிடுவார். செப்டம்பரிலேயே மார்க்‌ஷீட்டையும் மூன்றாம் செமஸ்டர் இன்டர்னல் மார்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அரியர் ஏன் விழுந்தது, எப்போது எழுதி முடித்தீர்கள், இப்போது லேபில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி, அதைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.