பூட்டினால் போதுமா? பெயரும் தெரியக்கூடாதே!

பூச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையில் விண்டோஸ் கணினிகள், கணினிக்கூடத்தில் லினக்ஸ், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர். அதில் ‘படிவம் 4 பகடிவதைப் புகார்’ என்றொரு கோப்புறை இருக்கிறது. மாணவர் எவராலும் அதைத் திறக்க முடியாது. ஆனால், பெயர் தெரிந்துவிட்டதே! புகார் கொடுத்தது யார் என்று வகுப்பில் ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

விண்டோஸில் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பகிரும் கோப்புறைப் பெயரின் கடைசியில் $ குறியைச் சேர்த்தால் அது பட்டியலில் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், சர்வர் அந்தப் பெயரை அனுப்பத்தான் செய்கிறது. உங்கள் விண்டோஸ் கணினிதான் $ குறியைப் பார்த்துவிட்டுக் காட்டாமல் விடுகிறது. லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளை கொடுத்துப் பட்டியலைக் கேளுங்கள். பெயர் பளிச்சென்று வந்து நிற்கும்!

இவ்விரு வகைக் கணினிகளும் கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள் சம்பா. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் இதை எழுதத் தொடங்கினார். விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்களைக் கணினியில் தேடியபோது கிடைத்ததே ‘சம்பா’. நம் அரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சம்பாவில் ‘பிரவுசபிள்’ அமைப்பை ‘நோ’ என மாற்றினால் பகிர்வின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், தலைமையாசிரியருக்கும் சேர்த்துத்தான்! பெயரை ஊகித்துத் தட்டுபவரை இது தடுக்காது. அனுமதிப் பட்டியல்தான் தடுக்கும். (விளையாட்டுக்காகக்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும்.)

இதைவிடச் சிறந்தது ‘ஹைட் அன்ரீடபிள்’. கேட்பவர் யார் என்று பார்த்து, அவரால் படிக்க முடியாத கோப்புகளையும் கோப்புறைகளையும் சர்வரே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஆலோசக ஆசிரியர் பத்துக் கோப்புறைகளைப் பார்க்கும் இடத்தில் மாணவர் இரண்டை மட்டுமே பார்ப்பார். விண்டோஸ் சர்வரிலும் இதே வசதி உண்டு. ஆனால், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதியைச் சரிபார்ப்பதால், ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்தில் பட்டியல் மெதுவாகவே வரும்.

இன்னொரு வாசலும் உண்டு. சம்பா மறைப்பது சம்பா வழியாக வருபவர்களிடம் மட்டுமே. அதே லினக்ஸ் சர்வருக்குள் நேரடியாக நுழையும் கணக்கு உள்ளவர், ஒரே கட்டளையில் எல்லாப் பெயர்களையும் பார்த்துவிடலாம். அதனால் மேல்நிலைக் கோப்புறையைப் படிக்கும் உரிமையையும் லினக்ஸிலேயே நீக்க வேண்டும். பிறகு, மாணவர் கணக்கு ஒன்றில் நுழைந்து, என்னென்ன தெரிகிறது என்று விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பார்த்துவிட வேண்டும்.