மலைச் சைக்கிளை நமக்கேற்ப அமைப்பது எப்படி?

சைக்கிள் ஓட்டத் தெரியாத மாணவியர் நம் பள்ளியில் மிகச் சிலரே இருப்பர். காலையில் மணி அடிக்கும் முன் பள்ளி வாயிலருகே வரிசையாக நிற்கும் சைக்கிள்களே இதற்குச் சான்று. ஆனால் கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் இறங்குவதற்கென்றே ஒருவகைச் சைக்கிள் உண்டு என்பதையும், அதை ஓட்டுபவரின் எடைக்கும் கைக்கும் ஏற்பத் திருத்தி அமைக்க வேண்டும் என்பதையும் நம்மில் பலர் அறியோம். நாங்களும் அறியாமல்தான் இருந்தோம், சென்ற விடுமுறையில் நம் பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவர் எங்களைக் காண வரும் வரையில்.

அக்கா அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பணிபுரிகிறார். சட்டம், சக்கரம், ஷாக், பிரேக் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி, தமக்கென ஒரு மலைச் சைக்கிளைப் பூட்டச் செய்தார். முதல் நாள் மலையிறக்கத்திலேயே தலைகுப்புற விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "எனக்குத்தான் பலம் போதவில்லை, இது என்னைப் போன்றவர்களுக்கு உரியது அன்று என்றே நினைத்தேன்" என்றார் அவர். பிறகு நடந்தது என்ன என்று அவர் எங்களுக்கு விளக்கினார். பௌதிகப் பாடத்தில் நாம் படித்தவை யாவும் அதில் இருப்பதைக் கண்டு வியந்தோம். அவர் கூறியவற்றையும் நாங்கள் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மலைச் சைக்கிள் பிறந்த கதை

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் அக்கா வாழும் மாநிலமே. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் டமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. 1970-களில் அங்கிருந்த இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுசென்று மண்பாதையில் வேகமாக இறங்கி விளையாடினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இதையே ஒரு பந்தயமாக நடத்தினர். அச்சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரக் குடத்தின் உள்ளே இருந்த கிரீஸ் சூடேறிப் புகையாய்ப் போய்விடும். மீண்டும் கிரீஸ் திணிக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'மீண்டும் திணித்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைத் தம் கையால் உருவாக்கினார். 1979-இல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும் இத்தகைய சைக்கிள்களை விற்கும் தொழிலைத் தொடங்கினர்.

அந்நாளில் அவற்றில் ஷாக் கிடையாது. ஓட்டுபவரின் முழங்கையும் முழங்காலுமே ஸ்பிரிங். 1980-களின் இறுதியில் பால் டர்னர் என்பவர் காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கும் முன்ஷாக்கை உருவாக்கிய பின்னரே நிலைமை மாறியது. 1990-இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடந்தபோது, நெடும்பாதைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் வென்றவர் ஜூலியானா ஃபர்டாடோ. பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து, முழங்காலில் அடிபட்டு, அவ்விளையாட்டைக் கைவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவர் இவர்! 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது இத்தாலியின் பாவோலா பெட்சோ பெண்களுக்கான தங்கப் பதக்கத்தைப் பெற்றார். ஆகவே இது பெண்களுக்கு ஆகாத விளையாட்டு என்று எவரும் சொல்ல இயலாது.

முன்ஷாக்கும் நம் எடையும்

இனி, ஷாக்கை அமைக்கும் முறையைக் காண்போம். முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களும் ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் செல்லும் வகையில் அமைந்தவை. உள்ளே ஒரு புறம் அழுத்தப்பட்ட காற்று இருக்கும், அதுவே ஸ்பிரிங். மறுபுறம் எண்ணெய் இருக்கும். அது சிறு துளைகள் வழியே புகுந்து செல்லும்போது அசைவின் வேகத்தைக் குறைக்கும்.

ஓட்டுபவர் ஏறி நின்றதும், அவர் எடையால் ஷாக் சற்றே அமிழ வேண்டும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே செல்ல இந்த அமிழ்வு தேவை. முன்ஷாக்கின் முழு ஓட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அமிழ்ந்தால் போதுமானது. 120 மி.மீ. ஓட்டமுள்ள ஷாக்கானால் 24 முதல் 30 மி.மீ. வரை.

அதை அளப்பதற்கு முதலில் ஓட்டும்போது அணியும் தலைக்கவசம், காலணி, தண்ணீர்ப்பை அனைத்தையும் அணிந்துகொள்ள வேண்டும். ஷாக்கைப் பூட்டும் லீவர் இருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பெடல்களின் மேல் எழுந்து, மலையிறக்கத்தில் நிற்பது போல் நிற்க வேண்டும். ஷாக்கின் குழாயில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். தோழி அதைக் கீழே தள்ளி அடிவாயோடு ஒட்ட வைக்க வேண்டும். பிறகு குதிக்காமல் மெல்ல இறங்கினால், வளையம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவே நம் அமிழ்வு.

அக்காவின் எடை 47 கிலோ. பூட்டித் தந்தவர் அதைக் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஷாக்கில் 82 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடிக்கப்பட்டிருந்தது. அது 80 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குப் பொருத்தமானது. அளந்து பார்த்தபோது 120 மி.மீ.-இல் 14 மி.மீ. மட்டுமே அமிழ்ந்தது. ஒவ்வொரு கல்லும் அவர் கையில் இடித்ததில் வியப்பில்லையே! காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி 55 பவுண்டுக்குக் கொண்டுவந்த பிறகே 27 மி.மீ. அமிழ்வு கிடைத்தது. ஒவ்வொரு முறை காற்றை மாற்றிய பின்னும் ஷாக்கைப் பலமுறை அமுக்கிவிட்டே அளக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரு காற்றறைகளும் அப்போதுதான் சமநிலை அடையும். சாதாரணப் பம்பு இதற்கு உதவாது. அளவுமானியுடன் கூடிய ஷாக் பம்பே தேவை.

அமிழ்வு சரியாக இருந்தும், பெரிய மேட்டில் ஷாக் முழுதும் அமுங்கி 'டக்' என்று இடித்தால் என்ன செய்வது? இங்குதான் பாயில் விதி துணைக்கு வருகிறது. காற்றறையினுள் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி அறையின் கொள்ளளவைக் குறைத்தால், ஓட்டத்தின் இறுதியில் காற்றின் அழுத்தம் விரைந்து ஏறும். தொடக்கத்தில் மென்மை, முடிவில் உறுதி என இரண்டும் கிடைக்கும்.

பின்சக்கரத்துக்கும் ஷாக் உள்ள சைக்கிளானால் அதற்கும் இதே முறைதான். அங்கு நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு வரை அமிழலாம். அந்த ஷாக்கின் தண்டு 50 மி.மீ. ஓடுமானால் 15 மி.மீ. அமிழ்வு என்று கொள்க. இதை மட்டும் சீட்டில் அமர்ந்து அளப்பது வழக்கம்.

மீண்டெழும் வேகம்

அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் கவையின் அடியில் சிவப்பு நிறத் திருகு ஒன்று இருக்கும். வலஞ்சுழியாகத் திருப்பினால் எழும் வேகம் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். வேகம் மிகுந்தால் ஹேண்டில்பார் பந்துபோல் துள்ளி நம்மைத் தூக்கியெறியப் பார்க்கும். வேகம் மிகக் குறைந்தாலோ, முதல் கல்லில் அமுங்கிய ஷாக் எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நாலைந்து கற்களுக்குள் ஷாக் அடியிலேயே தங்கிக் கட்டை போல் ஆகிவிடும்.

எடை குறைந்தவர் ஷாக்கில் காற்றும் குறைவு. ஆதலால் அதைத் திரும்பத் தள்ளும் விசையும் குறைவு. அத்தகையோர் இத்திருகை இடஞ்சுழியாகவே கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டும். ஜூலியானா ஃபர்டாடோவின் பெயரைத் தாங்கிப் பிற்காலத்தில் வந்த பெண்களுக்கான மலைச் சைக்கிள்களில், எடை குறைந்தவர்களுக்கேற்ப ஷாக் இலகுவாக்கப்பட்டிருந்ததன் காரணமும் இதுவே.

ஹேண்டில்பாரும் கைகளும்

இன்றைய மலைச் சைக்கிள்களின் ஹேண்டில்பார் 760 முதல் 800 மி.மீ. அகலத்தில் வருகிறது. தோள் சிறுத்தவர்க்கு அது மிகை. ஆனால் வாங்கியவுடன் அறுத்துவிடலாகாது! முதலில் பிரேக்கையும் கைப்பிடியையும் உள்நோக்கி நகர்த்திச் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகே இருபுறமும் சம அளவில் சிறிது அறுக்கலாம். அறுத்ததை ஒட்ட முடியாது அல்லவா?

அடுத்தது பிரேக் லீவர். ஓட்டும் நிலையில் நின்று கையை நீட்டினால், முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் அமைந்து லீவரைத் தொட வேண்டும். லீவர் மிகத் தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு மடங்கி வலியெடுக்கும். இன்றைய திரவ பிரேக்குகளுக்கு ஒரு விரலே போதுமானது. அந்த ஆள்காட்டி விரல் லீவரின் வளைந்த நுனியில் படுமாறு லீவரை உள்ளே நகர்த்திப் பூட்ட வேண்டும். நெம்புகோல் பாடத்தை நினைவுகூருங்கள்! சுழலும் ஆணியிலிருந்து விரல் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு குறைந்த விசையே போதும்.

சிறிய கைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. லீவரைக் கைப்பிடியின் அருகே கொண்டுவரச் சிறு திருகு ஒன்று பல பிரேக்குகளில் இருக்கிறது. அக்கா தம் சைக்கிளில் அத்திருகு இருப்பதையே அறியாமல், விரல்களை நீட்டி நீட்டிக் கை மரத்துப்போனாராம். பிரேக்கின் இடம் உறுதியான பின்னரே வலப்புறம் கியர் லீவரையும், இடப்புறம் சீட்டை ஏற்றி இறக்கும் லீவரையும் பெருவிரலுக்கு எட்டுமாறு பொருத்த வேண்டும்.

போல்ட்டுகளை முறுக்குவதிலும் கவனம் தேவை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் மூடியில் நான்கு போல்ட்டுகள் இருந்தால், ஒன்றை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்கலாம் என்ற அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கென அளவு காட்டும் திருகுச்சாவி உண்டு. பிரேக் லீவரின் பிடியை மட்டும், கையால் பலமாகத் தள்ளினால் சற்றே சுழலும் அளவுக்கு முறுக்குவது நலம். கீழே விழுந்தால் லீவர் முறியாமல் சுழன்று தப்பும்.

எந்தக் கையில் எந்தப் பிரேக்?

அக்கா விழுந்ததன் காரணத்தை இன்னும் நாம் சொல்லவில்லை. நம் நாட்டுச் சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. அமெரிக்காவில் இது நேர்மாறு! அங்கே இடக்கைதான் முன்சக்கரம். நம் ஊர்ச் சாலைகளில் பழகிய அக்காவின் கை, செங்குத்தான இறக்கத்தில் அஞ்சியபோது, பின்பிரேக் என்று எண்ணி இடக்கை லீவரை இறுகப் பிடித்தது. நின்றது முன்சக்கரம். உடலோ நிற்கவில்லை, நியூட்டனின் முதல் விதிப்படி முன்னோக்கிச் சென்றது.

மணிக்கட்டு ஆறியதும் அக்கா செய்த முதல் வேலை, பிரேக் குழாய்களை மாற்றிப் பூட்டச் செய்து, வலக்கையை முன்சக்கரத்துக்கு உரியதாக்கியதே. "சைக்கிளைக் கடன் கேட்பவரிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்" என்றார் சிரித்தபடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றியதையும் அதன் பயனையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருகிறார். அதே மலையிறக்கத்தை இப்பொழுது ஒவ்வொரு சனிக்கிழமையும் விழாமல் இறங்குகிறார். அவர் பலம் கூடிவிடவில்லை. எடையும் அதே 47 கிலோதான். மாறியது சைக்கிளே.

அன்புத் தோழியரே, நம்மிடம் ஷாக் உள்ள சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். ஆயினும், அண்ணனுக்கு வாங்கிய சைக்கிளில் சீட்டைக்கூட இறக்காமல் எம்பி எம்பி ஓட்டி வருவோர் நம்மில் எத்தனை பேர்! நாளைக் காலை புறப்படும் முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். சீட்டில் அமர்ந்தால் கால்விரல் தரையில் ஊன்றுகிறதா? இரு பிரேக்கும் பிடிக்கின்றனவா? எது முன், எது பின் என்று கைக்குத் தெரியுமா? விரல் லீவருக்கு எளிதில் எட்டுகிறதா? இல்லையேல் அப்பாவிடமோ சைக்கிள் கடைக்காரரிடமோ தயங்காமல் சொல்லி, உங்கள் அளவுக்குத் திருத்தச் சொல்லுங்கள். பெற்றோரும் இதைச் சிறு செலவென்று எண்ணித் தள்ளிப்போடாதிருக்க வேண்டுகிறோம்.